வீட்டுக்கடன்: நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

கடன் விண்ணப்பத்தில் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு சின்னக் கட்டம் வரும். நிலையான வட்டி, மாறும் வட்டி, இரண்டில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். வீட்டின் தரைக்கு எந்தக் கல் போடுவது என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறவர்கள்கூட இந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். "இப்போதைக்கு எது குறைவு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் மாறும் வட்டிதான் குறைவு என்று பதில் வரும். டிக் விழுந்துவிடும்.

கொஞ்சம் விவரமானவர்கள் வேறு கேள்வி கேட்பார்கள்: வட்டி இனிமேல் ஏறுமா, இறங்குமா? ஏறும் என்று பட்டால் நிலையானது, இறங்கும் என்று பட்டால் மாறுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி ஏறப்போகிறது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும் நேரத்தில், பத்திரச் சந்தையில் (அரசும் நிறுவனங்களும் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்கள் கைமாறும் இடம்) இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அது எப்போதோ தோன்றி, நிலையான வட்டியின் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அவர்களைவிட நன்றாக ஊகிக்க முடியும் என்ற தைரியம் எனக்கு இல்லை. அதனால் வட்டியின் போக்கைக் கணிப்பதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த இரண்டில் எது யாருக்குப் பொருந்தும் என்று மட்டும் பார்க்கலாம்.

முதலில் இரண்டும் பிறக்கும் இடம் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பணத்தின் வட்டி மத்திய வங்கியின் பிடியில் இருக்கிறது. மாறும் வட்டி அதன் பின்னாலேயே போகும். மத்திய வங்கி அரை சதவீதம் ஏற்றினால், ஒப்பந்தத்தில் சொன்ன மறுநிர்ணய நாளில் உங்கள் வட்டியும் பெரும்பாலும் அரை சதவீதம் ஏறிவிடும். நிலையான வட்டி அப்படி இல்லை. இருபது ஆண்டுக்கு ஒரே வட்டியில் கடன் கொடுக்க வேண்டுமென்றால், அத்தனை காலத்துக்கும் தனக்குப் பணம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று வங்கி கணக்குப் பார்க்கும். அந்த விலையைச் சொல்வது நீண்ட காலப் பத்திரங்களின் சந்தை. வரும் ஆண்டுகளில் மத்திய வங்கியின் வட்டி சராசரியாக எங்கே நிற்கும் என்ற கணிப்பும், அந்தக் கணிப்பு பிசகினால் தாங்குவதற்கான கூடுதல் கூலியும் சேர்ந்ததுதான் அந்த விலை.

இரண்டும் எதிரெதிர் திசையில் போனதையும் பார்த்திருக்கிறோம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைக்கத் தொடங்கி, டிசம்பருக்குள் மூன்று தடவையாக மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தது. வீட்டுக்கடன் மலிவாகும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அங்கே வழக்கமான 30 ஆண்டு நிலையான வட்டி, செப்டம்பர் கடைசியில் ஏறத்தாழ 6.1 சதவீதமாக இருந்தது, 2025 ஜனவரியில் 7 சதவீதத்தைத் தாண்டிப் போனது. பொருளாதாரம் நினைத்ததைவிடத் தெம்பாக இருக்கிறது, விலைவாசி சீக்கிரம் அடங்காது, அரசின் கடனும் பெருகும் என்று பத்திரச் சந்தை நினைத்தது. மத்திய வங்கி என்ன அறிவித்தாலும் நீண்ட கால வட்டி தன் வழியில் போயிற்று.

பிரிட்டனில் 2022-இல் நடந்தது இன்னும் வேகமானது. செப்டம்பர் 23 அன்று அரசு பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அரசுப் பத்திரங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள், அவற்றின் விலை இறங்கி வருவாய் விகிதம் தாவியது. ஐந்தே நாளில் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து இறங்கிப் பத்திரங்களை வாங்கவேண்டி வந்தது. அப்போது மத்திய வங்கியின் வட்டி வெறும் 2.25 சதவீதம். ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் புதிதாக வீட்டுக்கடன் கேட்டுப் போனவர்களிடம் இரண்டு ஆண்டு நிலையான வட்டியாக 6 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். செய்தியில் மத்திய வங்கியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு இது எங்கிருந்து வந்தது என்றே புரிந்திருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம்.

50 லட்சம் கடன், 20 ஆண்டு, மாறும் வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 41,822. முதல் மாதத் தவணையில் 33,333 வட்டிக்குப் போய்விடும். மிச்சம் 8,489 மட்டும் அசலில் கழியும். கடன் எடுத்த கையோடு வட்டி 10 சதவீதமாகிறது என்று வைப்போம். வங்கி இரண்டில் ஒன்று செய்யலாம். தவணையை 48,251-ஆக உயர்த்தலாம், அதாவது மாதம் 6,429 கூடுதல். வலிக்கும், ஆனால் வலிப்பது கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை நீட்டலாம். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் வசதி என்று நினைப்பார்கள், மாதாமாதம் அதே தொகைதானே போகிறது என்று.

அந்த வசதியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 10 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டும் 41,667. நீங்கள் கட்டுவது 41,822. அசலில் கழிவது 155. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கட்டி, கடன் குறைந்தது நூற்று ஐம்பத்தைந்து! இப்படியே போனால் கடன் தீர 674 மாதம், அதாவது 56 ஆண்டு ஆகும். வட்டி ஒரே ஒரு சதவீதம் ஏறி 9-இல் நின்றால்கூட 20 ஆண்டுக் கடன் 25 ஆண்டைத் தாண்டுகிறது. நடைமுறையில் ஓய்வு வயது, அதிகபட்சக் காலம் என்று வங்கிகள் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைத் தொட்டதும் தவணையை ஏற்றுவார்கள். அதுவரைக்கும் கடன் குறையாமலே நிற்பது கடன்காரருக்குத் தெரியாது. மாறும் வட்டியின் உண்மையான ஆபத்து, என் பார்வையில், ஏற்றத்தைவிட இப்படிச் சத்தமில்லாமல் நீளும் காலம்தான்.

அதே சமயம் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதே கடனுக்கு நிலையான வட்டி 9 சதவீதம் என்று வங்கி சொல்கிறது. தவணை 44,986, மாதம் 3,164 அதிகம். இது ஒருவகை காப்பீட்டுப் பிரீமியம். மாறும் வட்டியை எடுத்தவர் அந்த 3,164-ஐச் செலவு செய்யாமல், தானும் மாதம் 44,986 கட்டுகிறார் என்று வைப்போம். மூன்று ஆண்டு வட்டி 8-லேயே இருந்தால் அவருடைய பாக்கி 45.28 லட்சம், நிலையான வட்டிக்காரருடையது 46.92 லட்சம். இந்த இடத்தில் வட்டி 10-க்கு ஏறி, மிச்சமுள்ள 17 ஆண்டும் இறங்கவே இல்லை என்று மோசமாகவே கற்பனை செய்யுங்கள். அவருடைய புதிய தவணை 46,237. நிலையான வட்டிக்காரரைவிட 1,251 மட்டும் கூடுதல். கடன் பெரிதாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வட்டி குறைவாக இருந்தால் போதும், பின்னால் வரும் ஏற்றத்தின் பல் மழுங்கிவிடுகிறது. வித்தியாசத்தை அசலில் போடும் பழக்கம் இருந்தால்தான் இந்தக் கதை. அந்த 3,164 வேறு எதிலாவது கரைந்துவிட்டால் பாதுகாப்பும் கூடவே கரைந்துவிடும்.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம். வட்டி ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதற்கும் உங்கள் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு.

2008 அக்டோபர் தொடக்கத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 5 சதவீதம். நிதி நெருக்கடி முற்றியதும் குறைக்க ஆரம்பித்து, 2009 மார்ச்சில் 0.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. மத்திய வங்கி வட்டியோடு நேரடியாகக் கட்டப்பட்ட கடன் வைத்திருந்தவர்களின் தவணை ஐந்து மாதத்தில் மளமளவென்று இறங்கியது. வேலைகள் போய்க்கொண்டிருந்த அதே மாதங்கள் அவை. கடைக்காரர், ஒப்பந்தக்காரர், விற்பனைப் பிரதிநிதி என்று பொருளாதாரம் படுத்தால் வருமானமும் படுக்கிறவர்களுக்கு மாறும் வட்டி தானாகவே ஒரு முட்டுக்கொடுக்கிறது. வாங்குகிற ஆள் இல்லாமல் வரும் மந்தத்தில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும். வருமானம் குறையும் நேரத்தில் தவணையும் குறையும்.

ஆனால் 2022 வேறு மாதிரி வந்தது. எரிசக்தி, உணவு என்று எல்லாம் விலை ஏறி, பிரிட்டனில் பணவீக்கம் அந்த அக்டோபரில் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 2021 டிசம்பர் வரை 0.1 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 ஆயிற்று. அன்றாடச் செலவும் ஏறி, தவணையும் ஏறி, இரண்டு பக்கமும் அடி. இந்த வகை ஏற்றத்தில் சிரித்தவர் நிலையான வட்டிக்காரர்தான். விலைவாசியோடு சம்பளமும் உயர்கிற வேலையில் இருந்தால், அவருடைய தவணை அங்கேயே நிற்க, வருமானத்தில் அதன் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. சம்பளம் உயராதவர்கூட ஒரு பக்க அடியிலிருந்தாவது தப்பினார்.

ஆக, அடுத்த அதிர்ச்சி எந்த வகை என்று எவராலும் சொல்ல முடியாது. உங்கள் வருமானம் எந்த வகைக்குப் பயப்படுகிறது என்று சொல்ல முடியும்.

நிலையான வட்டி எடுத்தால் அபாயம் எங்கும் மறைந்து போவதில்லை, கடன் கொடுத்தவரின் தலைக்குப் போகிறது. அமெரிக்காவில் 1970-களில் சேமிப்புக் கடன் நிறுவனங்கள் மக்களிடம் குறுகிய கால வைப்பு வாங்கி, 30 ஆண்டு நிலையான வட்டியில் வீட்டுக்கடன் கொடுத்தன. பால் வோல்க்கர் ஃபெடரல் ரிசர்வுக்குத் தலைவராக வந்து பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோனபோது, வைப்புக்குக் கொடுக்கும் வட்டி கடனிலிருந்து வரும் வட்டியைத் தாண்டிவிட்டது. 1986-க்கும் 1995-க்கும் இடையே அப்படிப்பட்ட நிறுவனங்கள் ஆயிரத்துக்கும் மேல் விழுந்தன. மோசடியும் கண்மூடித்தனமான முதலீடும் சேர்ந்துகொண்டன என்றாலும், முதல் விரிசல் வட்டியில்தான் விழுந்தது. 2023 மார்ச்சில் அங்கே சிலிக்கான் வேலி பேங்க் சரிந்ததும் ஏறக்குறைய இதே நோய்தான்: வட்டி குறைவாக இருந்தபோது வாங்கிக் குவித்த நீண்ட காலப் பத்திரங்கள், வட்டி ஏறியதும் மதிப்பிழந்தன. இப்படிப்பட்ட அபாயத்தால்தான் நிறைய நாடுகளில் வங்கிகள் 20 ஆண்டு நிலையான வட்டியைத் தரவே தயங்குகின்றன; தந்தாலும் விலையைக் கூட்டிச் சொல்கின்றன.

அமெரிக்கக் கடன்காரருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வட்டி ஏறினால் பழைய வட்டியிலேயே இருந்துகொள்ளலாம். இறங்கினால் பெரும்பாலும் அபராதமின்றிப் பழைய கடனை அடைத்துப் புதியதை எடுக்கலாம். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் அவர் பக்கம்தான். ஆனால் அதற்கும் ஒரு பின்விளைவு வந்தது. 2021 ஜனவரியில் 30 ஆண்டு வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79 ஆயிற்று. மூன்று சதவீதத்துக்கும் குறைவாகக் கடன் வைத்திருப்பவர் வீட்டை விற்று வேறு ஊருக்குப் போனால், புதுக் கடன் ஏழரைக்கு. யார் போவார்? 2023-இல் அங்கே கைமாறிய பழைய வீடுகள் சுமார் 41 லட்சம்தான். 1995-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. வேலைக்காக இடம் மாற நினைத்தவர்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வீட்டுக்கடன் மாறும் வட்டியில் இருக்கும், அல்லது சில ஆண்டு மட்டும் நிலையாக இருந்து பிறகு மாறும். தொற்றுக்காலத்தில் பலர் 2 சதவீதத்தை ஒட்டி இரண்டு, மூன்று ஆண்டுக்கு நிலைநிறுத்திக்கொண்டார்கள். அந்நாட்டு மத்திய வங்கி 2022 மே முதல் ஏற்ற ஆரம்பித்து 0.1-லிருந்து 2023 நவம்பரில் 4.35-க்குக் கொண்டுபோனது. நிலையான காலம் முடிந்ததும் அவர்கள் தவணை ஒரே நாளில் செங்குத்தாக ஏறியது. பத்திரிகைகள் அதற்குச் செங்குத்துப் பாறை (cliff) என்றே பெயர் வைத்தன. ஒரு நாட்டு மக்கள் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்நாட்டு மத்திய வங்கியின் ஆயுதம் கூர்மையாகவோ மொண்ணையாகவோ ஆகிவிடுகிறது. மாறும் வட்டி நிறைந்த நாட்டில் கொஞ்சம் ஏற்றினாலே வீட்டுச் செலவு சுருங்கும். நிலையான வட்டி நிறைந்த நாட்டில் அதிகமாக ஏற்ற வேண்டும், நெடுநாள் காத்திருக்கவும் வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: முதல் சில ஆண்டு நிலையாக, அப்புறம் மாறும் வட்டியாக. நல்ல வடிவத்தில் கிடைத்தால் எனக்கு இது பிடிக்கும். கடன் பெரிதாகவும் கையிருப்பு சிறிதாகவும் இருக்கும் காலத்தில்தான் பாதுகாப்பு வேண்டும். அதற்கு மட்டும் பிரீமியம் கட்டுகிறோம். ஆனால் கெட்ட வடிவமும் உண்டு. அமெரிக்காவில் 2008-க்கு முன் விற்ற 2/28 கடன்கள் அந்த ரகம்: முதல் இரண்டு ஆண்டு ஆசை காட்டும் வட்டி, மிச்சம் 28 ஆண்டு சந்தை வட்டிக்கு மேல் பல சதவீதப் புள்ளிகள் சேர்த்து. வீட்டு விலை ஏறும்வரை எல்லோரும் இரண்டாம் ஆண்டு முடிவில் புதுக் கடனுக்குத் தாவினார்கள். விலை இறங்கியதும் தாவ இடமில்லை. சொல்லப்போனால் 2004 பிப்ரவரியில் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானே, முந்தைய பத்தாண்டில் மாறும் வட்டி எடுத்திருந்தால் பலர் நிறைய மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று பேசினார். அவர் சொன்னது கடந்த காலத்துக்குச் சரி. நான்கு மாதம் கழித்து அவரே ஏற்ற ஆரம்பித்தார். 2006 ஜூனுக்குள் 17 தடவை ஏறி, 1 சதவீதம் 5.25 ஆனது.

நான்காவதாக, வேறு நாட்டு நாணயத்தில் குறைந்த வட்டிக் கடன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலந்தில் சுவிஸ் ஃபிராங்க்கில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு 2015 ஜனவரி 15 அன்று ஃபிராங்க்கின் மதிப்பு எகிறி, தங்கள் நாணயத்தில் கடன் தொகையே பெருத்துவிட்டபோது, வட்டி குறைவு என்பது எந்த ஆறுதலும் தரவில்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். தவணை உங்கள் கைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது, ஒரே சம்பளம், அவசரத்துக்குக் கையில் பெரிதாக எதுவும் இல்லை என்றால், முதல் ஐந்து ஆண்டாவது நிலையான வட்டி. ஒரு சதவீதம் அதிகமென்றாலும் பரவாயில்லை, தூக்கம் வாங்குகிறீர்கள். தவணை எளிதாகச் சமாளிக்கும் அளவு, இடையிடையே மொத்தமாக அசலில் கட்டும் பணம் வரும், பத்து ஆண்டுக்குள் முடிக்கும் எண்ணம் என்றால் மாறும் வட்டிதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை, இரண்டு சதவீதம் என்று வந்தால் நிலையானது எனக்குக் கட்டுபடியாகாது. கால் சதவீதம்தான் என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். நடுவில் இருப்பவர்களுக்குக் கடனை இரண்டாகப் பிரித்துப் பாதி இதில், பாதி அதில் என்று தரும் வங்கிகளும் உண்டு. கோழைத்தனமான யோசனை என்பார்கள். நன்றாகவே வேலை செய்யும்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் சில வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். "நிலையான வட்டி" என்று தலைப்பில் போட்டுவிட்டு, சந்தை நிலவரத்துக்கு ஏற்ப மாற்ற வங்கிக்கு உரிமை உண்டு என்று பதினான்காவது பக்கத்தில் இருந்தால் அது நிலையான வட்டியே அல்ல. மாறும் வட்டி என்றால் எதைப் பார்த்து மாறும் என்று கேளுங்கள்: எல்லோரும் பார்க்கக்கூடிய மத்திய வங்கியின் வட்டியா, வங்கி தானே வைத்துக்கொண்ட ஏதோ ஒரு அடிப்படை விகிதமா? இரண்டாவது வகை ஏறும்போது வேகமாக ஏறி, இறங்கும்போது நிதானமாக இறங்கும். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பது நிலையான வட்டிக்கு ரொம்பவே முக்கியம். கட்டணம் அதிகமென்றால் வட்டி இறங்கும்போது நீங்கள் வெளியே வர முடியாது.

கடைசியாக, வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணை எவ்வளவு, தவணையை ஏற்றாவிட்டால் எத்தனை மாதம் என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். "சிஸ்டத்தில் அப்படி வராது சார்" என்று பதில் வந்தால் எக்செல்லைத் திறந்து PMT (தவணைக்கு), NPER (மாத எண்ணிக்கைக்கு) என்ற இரண்டு சூத்திரங்களில் உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 674-உம் அங்கேதான் வந்தது.